விசித்திர சக்தியுள்ள குழந்தைகளும் குடும்ப ரகசியமும்: ஒரு மாய நாவல் எழுத முழு வழிகாட்டி

என் முதல் கைப்பிரதி 140 பக்கத்தில் நின்றுபோனது. அதில் பதினொரு குழந்தைகள், பதினொரு சக்திகள். ஒருத்தி விரலை நீட்டினால் தீ பிடிக்கும், ஒருவன் சுவருக்குள் புகுந்து போவான், ஒருத்திக்குப் பறவை பேசுவது புரியும். நடுவில் ஒரு பழைய வீடு, அதற்குள் ஒரு குடும்ப ரகசியம். அக்கா மகனிடம் படிக்கக் கொடுத்தேன், அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு நாள் கழித்து வந்து, "மாமா, இவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு இருக்கு?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. தீ மூட்டும் பெண்ணை எடுத்துவிட்டு மீன் பிடிக்கும் பெண்ணை வைத்தாலும் அந்தக் கதையில் எதுவும் மாறாது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் மொத்தத்தையும் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். அதில் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும்: குழந்தையின் சக்தியும் குடும்பத்தின் ரகசியமும் ஒரே முடிச்சாக இருக்க வேண்டும். ஒன்றை இழுத்தால் இன்னொன்றும் கூடவே வரவேண்டும்.

படி 1: ரகசியத்தில் தொடங்குங்கள்

கர்ணனை நினைத்துப் பாருங்கள். கவசகுண்டலத்தோடு பிறந்தவன், அது உடம்பில் இருக்கும்வரை அவனை யாரும் கொல்ல முடியாது. அதே கவசகுண்டலம்தான் குந்தி மறைத்த விஷயத்துக்கும் சாட்சி. அரங்கத்தில் அவன் வந்து நின்றதும் கூட்டம் வீரனைப் பார்க்கிறது, குந்தி மட்டும் மயங்கி விழுகிறாள். இத்தனை நூற்றாண்டு கழித்தும் அந்தக் கதை நம்மை உலுக்குவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவனுடைய சக்தியையும் அவள் ரகசியத்தையும் தனித்தனியாகப் பிரிக்கவே முடியாது.

அதனால் குழந்தைக்கு என்ன சக்தி கொடுக்கலாம் என்று முதலில் யோசிக்காதீர்கள். ஒரு நோட்டை எடுத்து நான்கு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அன்றைக்கு என்ன நடந்தது? யார் மறைத்தார்கள்? மறைத்ததால் யார் பிழைத்தார்கள்? இன்று வெளியே வந்தால் யாருக்கு என்ன போகும்? மூன்றாவது கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். யாரையோ காப்பாற்றுவதற்காக மறைத்த ரகசியத்தில்தான் கனம் இருக்கும். சொத்தை அமுக்கச் சொன்ன பொய்யாக மட்டும் இருந்தால் பாதி நாவலிலேயே அந்தத் தாத்தாவை வாசகர் வெறுத்துவிடுவார், அதற்குப் பிறகு ரகசியம் வெளியே வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

நான் எடுத்துக்கொண்டது செட்டிநாட்டு வீடு ஒன்று, பர்மாவுக்குப் போய் வந்த குடும்பம். ரகசியம் இது: 1942-இல் ஜப்பானியர் குண்டுக்குப் பயந்து ரங்கூனிலிருந்து நடந்தே வந்தபோது ஒரு பங்காளி வீடு மொத்தமும் வழியிலேயே போய்விடுகிறது, ஒன்பது வயது மகன் மட்டும் மிச்சம். "பையனை எப்படியாவது ஊர் சேர்த்துவிடுகிறேன்" என்று கணக்குப்பிள்ளை வாக்குக் கொடுக்கிறார். அந்தப் பையனும் மலையில் இறந்துவிடுகிறான். கூடவே நடந்து வந்தது அவர்கள் வீட்டில் வேலை பார்த்த பர்மியப் பெண்ணின் மகன், அதே வயது, அம்மாவும் போய்விட்டாள். கணக்குப்பிள்ளை அவன் கையைப் பிடித்து ஊருக்குக் கூட்டிவந்து, இவன்தான் அந்தப் பையன் என்கிறார். பிள்ளையில்லாத ஒரு வீட்டில் அவனைப் பிள்ளை கூட்டிக்கொள்கிறார்கள், அதாவது தத்தெடுக்கிறார்கள். அவன்தான் இன்றைக்கு ஐயா, அந்த வீட்டின் தாத்தா.

வெளியே வந்தால் என்ன போகும் என்பதற்கு நான் பெரிய புதையல் எதுவும் தேடவில்லை. நகரத்தார் வழக்கத்தில் கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி, ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றின் கணக்கில் அந்தப் புள்ளி இருக்கும். பர்மியத் தாய்க்குப் பிறந்த பிள்ளைக்கு அந்தக் கணக்கில் இடம் கிடையாது. ஐயாவின் புள்ளி போனால் அவர் மகன்கள், பேரன்கள் எல்லோரும் எங்கே நிற்பார்கள் என்ற ஒரு கேள்வியே நாவலைத் தாங்கப் போதுமானது.

படி 2: சக்தியை வீட்டுப் பேச்சிலிருந்து எடுங்கள்

பறப்பது, மறைவது, தீ மூட்டுவது எல்லாம் வெளியே எத்தனையோ இடத்தில் கிடைக்கும். நம் வீடுகளில் ஒரு குழந்தை பிறந்தவுடனே பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் விஷயங்கள் இருக்கின்றனவே, அவற்றை யாரும் சரியாகத் தொடவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நாக்கில் கரும்புள்ளி இருந்தால் கருநாக்கு, சொன்னது பலிக்கும் என்பார்கள். கொடி சுற்றிப் பிறந்த பிள்ளையைத் தாய்மாமன் நேராகப் பார்க்கக்கூடாது, முதலில் எண்ணெயில் முகம் தெரிய வைத்துக் காட்டிவிட்டுத்தான் பிள்ளையைக் கையில் கொடுப்பார்கள். கால் முன்னே வந்து பிறந்தவர் இடுப்புப் பிடிப்பை மிதித்தே எடுத்துவிடுவார். இரட்டைப் பிள்ளைகள் நீவினால் சுளுக்கு விடும். வீட்டில் நகை காணாமல் போனால் வெற்றிலையில் மை போட்டு ஒரு சின்னப் பிள்ளையைப் பார்க்கச் சொல்வார்கள். கவட்டைக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நடந்து கிணற்றுக்கு நீரோட்டம் சொல்கிறவர்கள் இன்றும் ஊருக்கு ஒருவர் உண்டு.

இவற்றை நம்பச் சொல்லவில்லை. இந்த நம்பிக்கைகளால் காயப்பட்ட குழந்தைகள் நிஜமாகவே இருந்திருக்கிறார்கள். கருநாக்கு என்று பெயர் வாங்கிய பெண்ணைக் கல்யாண வீட்டில் முன்னே நிற்கவிடமாட்டார்கள், கொடி சுற்றிப் பிறந்த பையனுக்கு மாமன் வீட்டு வாசல் அந்நியமாகவே இருக்கும். அந்தக் காயத்தையும் சேர்த்து எழுதுங்கள். சக்தி என்று நாம் சொல்வதை அந்த வீட்டில் யாரும் சக்தி என்று சொல்லமாட்டார்கள் என்பதை மட்டும் மறக்காதீர்கள். "அந்தப் பிள்ளை அப்படித்தான்" என்பார்கள், அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

என் நாயகி உமையாள், பதினொரு வயது, கருநாக்கு. ஐயாவுக்கும் அதேதான். மலையில் தன்னோடு நடந்த பையனைப் பார்த்து, சோர்வில், பர்மிய மொழியில் "இவன் இனி நடக்கமாட்டான்" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை அவன் எழுந்திருக்கவில்லை. இப்போது முடிச்சு விழுந்துவிட்டது. பேத்தியின் நாக்கில் அந்தப் புள்ளி இருப்பதே ஐயாவுக்கு நடுக்கம், ஏனென்றால் அவள் வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மலை அவர் கண் முன்னே வருகிறது.

படி 3: விதியையும் விலையையும் எழுதி ஒட்டுங்கள்

அபிமன்யு தாயின் வயிற்றிலேயே சக்கர வியூகத்துக்குள் புகும் வழியைக் கேட்டவன், வெளியே வரும் வழியைக் கேட்கவில்லை. சகாதேவனுக்கு எல்லாம் தெரியும், கேட்டால்தான் சொல்வான் என்று நம் ஊர்ப் பாரதக் கதையில் வரும். களப்பலிக்கு நல்ல நேரம் கேட்டுத் துரியோதனனே அவனிடம் வருகிறான், எதிரி என்று தெரிந்தும் சகாதேவன் உண்மையான நேரத்தைச் சொல்லிவிடுகிறான். இந்த இரண்டு கதைகளும் நமக்கு மறக்காமல் இருப்பதற்குக் காரணம் அவர்களால் முடிந்தது அல்ல, முடியாமல் போனது. உங்கள் குழந்தையால் எது முடியாது என்பதை ஒரே வரியில் சொல்லத் தெரியவில்லை என்றால் இன்னும் எழுத உட்காராதீர்கள்.

உமையாளுக்கு நான் வைத்த விதிகள் மூன்றுதான். வேண்டுமென்று சொன்னால் பலிக்காது, நினைக்காமல் வாயில் வந்தால்தான் பலிக்கும். பலித்த கணத்தில் அவள் நாக்கில் ருசி போய்விடும். யாருக்குத் தீங்கு வந்ததோ அவரிடமோ அவருடைய மனிதர்களிடமோ நடந்ததை வாய்விட்டுச் சொன்னால்தான் ருசி திரும்பும்.

விலையை அந்த உறுப்பிலேயே வைப்பது நல்லது, நாக்கின் சக்திக்கு நாக்கே விலை கொடுக்கட்டும். தலைவலி, மயக்கம், மூக்கில் ரத்தம் என்று எல்லோரும் எழுதுவதை எழுதினால் ஒரு காட்சிகூடக் கிடைக்காது. ருசி போய்விடும் என்று முடிவு செய்தவுடனே எனக்கு அடுப்படி கிடைத்தது, கவுனி அரிசி கிடைத்தது. கறுப்பாக, பசைபோல இருக்கும் அந்த அரிசியே பர்மாத் தொடர்பில் செட்டிநாட்டுக்கு வந்ததுதான். சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் போட்டுக் கிளறிக் கிண்ணத்தில் கொடுத்தால், உமையாள் ஒரு வாய் வைத்துவிட்டு, "அப்பத்தா, சர்க்கரை போடலையா?" என்று கேட்கிறாள். அப்பத்தாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நிற்கிறது. யாருக்கு என்ன ஆச்சோ என்று அவள் வாசலைப் பார்க்கிறாள். சக்தி இருக்கிறது, விலை இருக்கிறது, அப்பத்தாவுக்கு இது முன்பே தெரியும் என்பதும் இருக்கிறது, எல்லாம் ஒரு கிண்ணத்துக்குள்.

படி 4: வருடக் கணக்கைப் போடுங்கள்

இது சலிப்பான வேலை, ஆனால் குடும்ப ரகசியக் கதைகள் உடைவதே இங்கேதான். தாத்தா போரைப் பார்த்தவர் என்று எழுதிவிட்டுப் பேத்தி கையில் செல்போனைக் கொடுத்தால், தாத்தாவுக்குத் தொண்ணூறு வயதைத் தாண்டிவிடும். இடதுபக்கம் வருடம், நடுவில் வெளியுலகில் நடந்தது, வலதுபக்கம் வீட்டில் யாருக்கு எத்தனை வயது என்று மூன்று பத்தி போட்டு எழுதுங்கள்.

என்னுடையது இப்படி வந்தது. 1930-களின் விலைச் சரிவில் கடனைக் கட்ட முடியாதவர்களின் நிலம் கைமாறி, கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு கடன் கொடுத்த நகரத்தார் செட்டியார்களிடம் வந்து சேர்கிறது, அதனாலேயே அங்கே கசப்பும் வளர்கிறது. ஐயா பிறந்தது 1933. ரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23. நகரம் விழுந்தது 1942 மார்ச். அந்த மாதங்களில் சுமார் 5 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். மேற்கே அரக்கான் வழியாகவும், வடக்கே தாமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தார்கள், காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியில் இறந்தவர்கள் பல்லாயிரம் பேர். என் கணக்குப்பிள்ளை பையனைக் கூட்டிவந்தது தாமு வழி, இம்பாலுக்கு நடந்து, திமாப்பூரில் ரயில்.

கதையின் நிகழ்காலத்தை 1995 மே மாதத்தில் வைத்தேன். ஐயாவுக்கு 62 வயது, உமையாளுக்குப் பதினொன்று. பள்ளிக்கூட லீவு, அந்த ஊரில் செல்போன் கிடையாது, ஒரு கடிதம் வர நான்கு நாள் ஆகும். ரகசியம் வாழ்வதற்கு இப்படி ஒரு மெதுவான காலம் வேண்டும். இன்றைய காலத்தில்தான் எழுதுவேன் என்றால் எழுதலாம், ஆனால் செல்போன் ஏன் உதவவில்லை என்பதற்கு முதல் மூன்று அத்தியாயத்துக்குள் பதில் சொல்லிவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். வரலாற்றைத் தேடிப்போனால் கதைக்குத் தேவையே இல்லாத நூறு விஷயம் கிடைக்கும், ஒவ்வொன்றும் மனதைப் பிடித்து இழுக்கும். 1964-க்குப் பிறகு பர்மாவிலிருந்து திரும்பியவர்களில் சிலர் மணிப்பூரின் மோரேயில் தங்கி, இன்றும் அங்கே தமிழ்ச் சங்கமும் கோயிலும் இருப்பதைப் படித்து ஒரு வாரம் அதிலேயே கிடந்தேன். என் நாவலில் அதற்கு இடம் இல்லை, மனசே இல்லாமல் விட்டேன். நீங்களும் விடவேண்டி வரும்.

படி 5: வீட்டை வரைந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள்

அழகாக வரைய வேண்டாம், கோடு போட்டால் போதும். எங்கே நின்றால் எந்தப் பேச்சு காதில் விழும் என்பது தெரிந்தால் சரி. செட்டிநாட்டு வீடு இதற்கென்றே கட்டியதுபோல இருக்கும். முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் ஆண்கள், நடு முற்றமான வளவில் விசேஷங்கள், அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி. வளவைச் சுற்றி அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று, அதன் சாவி அவரவரிடம். வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும் அறைகள் உள்ள வீட்டில் ரகசியத்துக்கு வேறு இடம் தேட வேண்டியதில்லை.

பொருள்களையும் எழுதி வையுங்கள். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, மரவை என்று சொல்லும் அரக்குப் பூசிய பர்மா மரப் பாத்திரம். இவற்றில் ஒன்றைத் துப்பாக மாற்றுங்கள், ஒன்று போதும். நான் எடுத்தது மரவையை. அதன் அடியில் பர்மிய எழுத்தில் ஒரு பெயர் கீறியிருக்கிறது, வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாததால் அது பூ வேலைப்பாடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஐயாவின் அம்மா வைத்த பெயர். ஐயா தினமும் சாயங்காலம் அதைத் துடைத்து வைப்பார்.

படி 6: பெரியவர்களைச் சரியாகப் பொய் சொல்ல வையுங்கள்

இந்தப் படியில் நிதானமாக இருங்கள், நாவலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முதல் கைப்பிரதியில் நான் இப்படி எழுதியிருந்தேன்: "அது உனக்குத் தெரியவேண்டாம், நேரம் வரும்போது சொல்கிறேன் என்றார் தாத்தா." எந்தத் தாத்தாவும் இப்படிப் பேசமாட்டார். ரகசியம் இருக்கிறது என்பதையே அல்லவா அவர் சொல்லிவிட்டார். மறைக்கத் தெரிந்தவர்கள் பேச்சை மாற்றுவார்கள், வேலை ஏவுவார்கள், பாதி உண்மையைச் சொல்வார்கள். திருத்தி எழுதியது இப்படி வந்தது:

"அப்பத்தா, ஐயா சின்னப்பிள்ளையில ஒரு வருஷம் பேசவே இல்லையாமே?"

"ஆமாத்தா. மலையில அத்தனை பொணத்தைப் பாத்துட்டு வந்த பிள்ளை. பயத்துல வாயடைச்சுப்போச்சு."

"அப்புறம் எப்படிப் பேசினாக?"

"அப்புறம் பேசினாக. அந்த முறத்தை எடு, உளுந்துல கல்லு கெடக்கு பாரு."

அப்பத்தா சொன்னதில் பொய்யே கிடையாது, பையன் பயந்துதான் இருந்தான். ஆனால் பேசாமல் இருந்ததற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. அவனுக்குத் தமிழ் சரியாக வராது, பேசினால் மாட்டிக்கொள்வான். அதைவிட, தன் வாயிலிருந்து எது வந்தாலும் பலித்துவிடுமோ என்ற பயம். வாசகர் இந்த இடத்தைச் சும்மா கடந்துபோய்விட்டு, இருநூறு பக்கம் கழித்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதைவிட எனக்கு நிறைவு தந்த துப்பு ஒன்று உண்டு. ஐயா சாப்பாட்டில் குறை சொன்னதே இல்லை. மருமகள்கள் எல்லோரும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள், "உப்பே போட மறந்தாலும் ஐயா ஒரு வார்த்தை சொல்லமாட்டாக, அப்படி ஒரு குணம்." அது குணம் இல்லை. 1942-இலிருந்து அவருக்கு ருசியே தெரியாது. குடும்பம் ஐம்பது வருடமாகக் கொண்டாடும் ஒரு நல்ல பழக்கத்துக்குப் பின்னால் ரகசியத்தை வையுங்கள், யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

பேச்சு வழக்கில் கவனமாக இருங்கள். அப்பத்தா என்றால் அப்பாவின் அம்மா, ஆயா என்றால் அம்மாவின் அம்மா என்பது அந்த ஊர் வழக்கு. இதையே தஞ்சாவூரிலோ நாகர்கோவிலிலோ வைத்தால் முறைப்பெயர்கள் எல்லாம் மாறும். உங்கள் கதை நடக்கும் ஊரில் பிறந்த ஒருவரிடம் உரையாடல்களை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள்.

படி 7: குழந்தைகளைக் குறையுங்கள்

மூன்று போதும். ஒருத்திக்கு ரகசியத்தோடு ரத்தத் தொடர்பு, ஒருவனுக்கு அதைத் தெரிந்துகொள்ள வழி, இன்னொருவனுக்கு அது வெளியே வந்தால் நஷ்டம். உமையாள், மை பார்க்கத் தெரிந்த அண்டை வீட்டு முத்து, கொடி சுற்றிப் பிறந்த பெரியப்பா மகன் அழகு. அழகுக்குச் சக்தி எதுவும் இல்லை என்பது நாவலின் பாதியில்தான் தெரியும். தாய்மாமன் தன்னைப் பார்க்காததற்கு ஒரு மாயக் காரணம் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவன் அவன், காரணம் வெறும் பயம்தான் என்று தெரியவரும் அத்தியாயத்தை எழுதும்போது எனக்கே தொண்டை அடைத்தது.

படி 8: உட்கார்ந்து எழுதுவது

ஒரு நாளைக்கு 500 சொல், 120 நாள், 60,000 சொல் வந்துவிடும். இளையோர் நாவலுக்கு அது தாராளம். விட்ட நாளைக் கணக்குப் போட்டு வருத்தப்படாமல் அடுத்த நாள் அதே 500-ஐ எழுதுங்கள். துப்புகளை ஒரு தனிப் பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு தடவை வருகிறதா என்று பாருங்கள், முதல் தடவை சும்மா இருப்பதுபோல, இரண்டாம் தடவை உறுத்துவதுபோல. அத்தியாயம் முடிந்ததும் பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் பிள்ளையின் கண் ஜன்னல் பக்கம் போகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். காரணம் கேட்க வேண்டாம், கோடு போதும்.

படி 9: ரகசியம் உடையும் இடம்

மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததும் உடைத்துவிடுங்கள். கடைசிப் பக்கம்வரை வைத்திருந்தால், தெரிந்த பிறகு அந்த மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைக் காட்ட இடம் இருக்காது. எனக்கு அதைவிட முக்கியமான பகுதி வேறு இல்லை. உடைப்பதும் குழந்தையின் சக்தியால்தான் நடக்க வேண்டும். எங்கிருந்தோ வரும் பழைய கடிதமோ சாகக் கிடக்கும் கணக்குப்பிள்ளையோ வந்து சொல்லக்கூடாது. உமையாள் ஒரு மத்தியானம் தூக்கக் கலக்கத்தில், தனக்குத் தெரியாத மொழியில், மரவையின் அடியில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். 53 வருடமாக யாரும் கூப்பிடாத பெயர். முகப்பில் உட்கார்ந்திருந்த ஐயா "ஹும்" என்று பதில் கொடுத்துவிடுகிறார். பதில் கொடுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிகிறது.

படி 10: உடைந்த பிறகு

மிச்சம் இருக்கும் மூன்றில் ஒரு பங்கில் வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டும். ஒரே நாளில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதால் அதை நம்ப முடியாது. என் நாவலில் பெரியப்பா கோபித்துக்கொண்டு அறையைப் பூட்டிவிட்டுக் காரைக்குடிக்குப் போய்விடுகிறார், நாவல் முடியும்வரை சாவியை அனுப்பவில்லை. கல்யாணமான மூன்றாம் வருடத்திலிருந்தே தனக்கு எல்லாம் தெரியும் என்பதைச் சொல்லிவிட்டு அப்பத்தா அடுப்படிக்குள் போய்விடுகிறாள். புள்ளி என்ன ஆனது என்பதை நான் சொல்லவே இல்லை, ஊர் கூடிப் பேசுகிறது, பேசிக்கொண்டே இருக்கிறது.

சக்தியை என்ன செய்வது என்பதை மூன்றாவது விதி ஏற்கெனவே சொல்லிவிட்டது. பங்காளிகள் எல்லோரும் ஒரே வீட்டில் கூடி முன்னோருக்குப் படைக்கும் படைப்பு நாளன்று, இறந்துபோன பையனின் மனிதர்கள் அத்தனை பேரும் வளவில் உட்கார்ந்திருக்க, ஐயா எழுந்து நின்று அந்த மலையில் தான் சொன்ன வாக்கியத்தை முதலில் பர்மிய மொழியிலும் அப்புறம் தமிழிலும் சொல்கிறார். யாரும் எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இலை போடுகிறார்கள், உமையாள் அவர் பக்கத்தில் உட்காருகிறாள். ஐயா ஒரு கவளம் பிசைந்து வாயில் வைக்கிறார், நிறுத்துகிறார், இன்னொரு கவளம் வைக்கிறார்.

"ஆத்தா உமையா," என்கிறார். "குழம்புல உப்பு கூடிப்போச்சே."